டூடன் வாத்தியார் ஊர்களில் ஆறு நாள்

முதல் நாள்: நேயாண்டர்டால்

ரயில் நிலையப் பலகையிலேயே வில்லங்கம் ஆரம்பித்துவிட்டது.

ஜெர்மனியில், ட்யூசல்டார்ஃபில் தம்பி மகள் வீட்டிலிருந்து எஸ் 28 ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நேயாண்டர்டால் வந்துவிடுகிறது. 1856இல் சுண்ணாம்புக்கல் வெட்டப் போனவர்கள் கையில் ஆதிமனிதனின் எலும்புகள் சிக்கிய பள்ளத்தாக்கு இதுதான். டால் என்றால் பள்ளத்தாக்கு. நிலையப் பலகையில் அந்த டால், டே (t) எழுத்துக்குப் பின்னால் ஒரு ஹாவோடு (h) இருக்கிறது. படியிறங்கி வெளியே வந்தால் வழிகாட்டும் பலகையில் அந்த ஹாவைக் காணோம். அருங்காட்சியகத்துக்குப் போனால் பெயரில் மறுபடியும் ஹா.

முப்பத்தோரு வருஷம் திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்த்தவள் நான். கை தன் பாட்டுக்குப் பைக்குள் சிவப்புப் பேனாவைத் தேடியது.

"அத்தை, இதுல எதுவும் தப்பில்ல" என்றாள் தம்பி மகள். "அந்த ஹாவுக்குச் சத்தமே கிடையாது. 1901ல மாநாடு போட்டு எடுத்துட்டாங்க. ரயில்வேயும் மியூசியமும் பழைய பேரையே வச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

எலும்புக்கு அறிவியல் பெயர் வைத்தது 1864இல், அதாவது ஹா உயிரோடு இருந்த காலத்தில். அறிவியல் பெயரை நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது. ஆக, பள்ளத்தாக்கு ஹாவை இழந்துவிட்டது. மனிதன் இன்னும் வைத்திருக்கிறான்.

எடுத்தது யார் என்று கேட்டேன். அலமாரியில் கிடக்கும் மஞ்சள் அட்டை ஜெர்மன் அகராதியைச் சொன்னாள். டூடன். அவள் அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு ஸ்பெல்லிங் சந்தேகம் வந்தால் "டூடன்ல பாரு" என்றுதான் சொல்வார்களாம். 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் 1,48,000 சொற்கள். நான் இத்தனை நாளும் டூடன் என்பது ஏதோ கம்பெனியின் பெயர் என்று நினைத்திருந்தேன். அவள் சொல்லித்தான் தெரியும், அது ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரின் பெயர். பேராசிரியரும் இல்லை, மந்திரியும் இல்லை. 1869 முதல் 1905 வரை 36 வருஷம், சின்ன ஊர்கள் இரண்டில் ஹெட்மாஸ்டராக மணியடித்து, நோட்டுத் திருத்தி, மாதச் சம்பளம் வாங்கியவர்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது எனக்கு. அவளுக்கு ஒரு வாரம் லீவு பாக்கி. நாடு முழுக்க உள்ளூர் ரயிலில் போய்வரும் மாத டிக்கெட் கையில் இருக்கிறது. அவர் பிறந்த ஊர், வேலை பார்த்த ஊர்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம்.

இரண்டாம் நாள்: வேஸல்

முதலில் ஒரு வழக்கு. நேற்றைய பதிவின் தலைப்பில் "ஆறு நாட்கள்" என்று போட்டிருந்தேன். அச்சகத்தில் என்னோடு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி இன்று காலை ஆறு மணிக்கே வாட்ஸப்பில் வந்துவிட்டார். "நாள்கள் என்பதே சரி. நாட்கள் என்றால் நாளான கள் என்று பொருள்படும். ஓய்வு பெற்றால் இலக்கணமும் ஓய்வு பெறுமா?" எங்களுக்குள் இருபது வருஷமாக நடக்கும் சண்டை இது. பதில் போடவில்லை.

வேஸல், ரைன் நதிக்கரை ஊர். ட்யூசல்டார்ஃபிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இறங்கியதும் கழுதைகள். கண்ணில் படும் தெருவெல்லாம் ஆளுயரக் கழுதைச் சிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். காரணம் ஒரு வார்த்தை விளையாட்டு. ரைன் கரையில் நின்றுகொண்டு "வேஸல் மேயர் பேர் என்ன?" என்று கத்தினால் எதிரொலி "ஏஸல்" என்று திரும்பி வருமாம். ஏஸல் என்றால் கழுதை. கேலியை ஊரே தத்தெடுத்துச் சிலையாக்கிவிட்டது. நல்ல ஊர்.

ஆனால் பழைய வேஸல் இப்போது இல்லை. 1945 பிப்ரவரி, மார்ச் குண்டுவீச்சில் ஊரில் 97 சதவீதம் தரைமட்டம். வில்லிப்ரார்டி பேராலயத்தைப் பிறகு எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றோரப் புல்வெளியில் பழைய ரயில் பாலத்தின் தூண்கள் தனியே நிற்கின்றன, மேலே பாலம் இல்லாமல். கோன்ராட் டூடன் நடந்த தெரு என்று எதையும் கைகாட்ட முடியாது.

அவர் பிறந்தது ஊருக்கு வெளியே, லாக்ஹவுசனில் பாசிக்ட் என்ற பண்ணையில், 1829 ஜனவரி 3 அன்று. லாக்ஹவுசன் இன்று வேஸலுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு அவர் பெயர்.

இளமைக் காலத்தைப் பார்த்தால் பின்னாளில் நாட்டுக்கே ஒழுங்கு சொல்லப்போகிறவர் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 17 வயதில் வேஸலில் பள்ளி முடித்து 1846இல் பான் பல்கலைக்கழகம் போகிறார். 1848இல் நாடெங்கும் கிளர்ச்சி. மாணவர் ஊர்வலங்களில் இவரும் இருக்கிறார். நான்கு பருவத்தோடு படிப்பு நின்றுபோகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு பணக்கார வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை. விட்ட படிப்பை 1854இல்தான் எட்டிப் பிடித்துப் பரீட்சை எழுதுகிறார். அதே வருஷம் மார்பர்க்கில் டாக்டர் பட்டம், பழைய கிரேக்க நாடகாசிரியர் ஸோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி' நாடகத்தைப் பற்றி. அரசன் போட்ட சட்டத்தை மீறிய பெண்ணின் கதை அது.

மாலையில் கரைக்குப் போய்த் தம்பி மகள் உரக்கக் கத்திப் பார்த்தாள். எதிரொலி வரவில்லை. நாய் ஒன்று குரைத்தது.

மூன்றாம் நாள்: ஸோஸ்ட்

இந்த ஊர்ப் பெயரைச் சொல்லவே ஒரு பயிற்சி வேண்டும். எழுத்தைப் பார்த்தால் ஓவுக்குப் (o) பின்னால் ஏ (e). ஜெர்மன் தெரிந்தவர்கள் வழக்கப்படி வாயைக் குவித்து வேறு மாதிரி சொல்லத் தோன்றும். இங்கே அது செல்லாது. அந்த ஏ ஒலிக்க வந்த எழுத்து இல்லை. ஓவை நீட்டிவிட வந்த துணைக்கால் மாதிரி. ஸோஸ்ட், அவ்வளவுதான். தம்பி மகளே ரயிலில் தப்பாகச் சொல்லி, பக்கத்து இருக்கைப் பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பேசுவது போலவே எழுத வேண்டும் என்று பின்னாளில் வாதாடப் போகிற மனிதர், பேசுவதற்கும் எழுதுவதற்கும் சம்பந்தமில்லாத பெயர் கொண்ட ஊரில் பத்து வருஷம் வேலை பார்த்திருக்கிறார். இதை அவர் கவனிக்காமலா இருந்திருப்பார்?

ஊர் அழகு. கோயில்களை எல்லாம் பச்சை மணற்கல்லில் கட்டியிருக்கிறார்கள். பாசி படிந்த பச்சை அல்ல, கல்லே பச்சை. காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்ததால் ஊறவைத்த பச்சைப் பயறு மாதிரி இருந்தது. வீஸன்கிர்ஷ கோயிலில் ஒரு கண்ணாடி ஜன்னல், 1500ஐ ஒட்டிச் செய்தது. இயேசுவின் கடைசி விருந்து. மேஜையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பன்றித் தொடை, பீர்க் குவளை, கருப்பு ரொட்டி! வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்துச் சாப்பாட்டை அப்படியே ஜெருசலேமுக்குக் கொண்டுபோய்ப் பரிமாறிவிட்டார்கள். வெகு நேரம் அங்கேயே நின்றேன். கழுத்து வலித்தது.

அவர் வேலை பார்த்த ஆர்கிகிம்னாசியம் 1534இல் தொடங்கிய பள்ளி. 1854இல் பயிற்சி ஆசிரியராக வந்தவர் வருஷத்தை முடிக்காமல் இத்தாலிக்குக் கிளம்பிவிட்டார். ஜெனோவாவில் மறுபடியும் வீட்டு வாத்தியார் வேலை. போனதில் ஒரு லாபம், மெஸ்ஸினாவில் இருந்த ஜெர்மன் கான்சலின் மகள் அடெலினைச் சந்தித்தார். 1859இல் ஸோஸ்டுக்குத் திரும்பி வந்து ஆசிரியரானார். அடெலினைக் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் ஆறு பேர். அதில் பால் டூடன் 1868இல் இதே ஊரில் பிறந்து பின்னாளில் பெயர் பெற்ற வேதியியலாளர் ஆனார்.

அந்தக் காலத்தில் ஜெர்மன் ஸ்பெல்லிங்கில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சி ஜேக்கப் கிரிம் வழி வந்தது. சொல் பழங்காலத்தில் எப்படி இருந்ததோ அந்த வேரைப் பார்த்து எழுத வேண்டும் என்பார்கள். கரண்டிக்கு ஜெர்மனில் லஃபல். வாயைக் குவித்துச் சொல்கிற ஒலி. பழைய வடிவத்தில் அங்கே வெறும் எ இருந்தது, ஆகவே இப்போதும் லெஃபல் என்றே எழுது என்பது இவர்கள் கட்சி. எதிர்க்கட்சிக்குத் தலைவர் எர்லாங்கன் பேராசிரியர் ருடால்ஃப் ஃபான் ரௌமர். வாய் என்ன சொல்கிறதோ கை அதை எழுதட்டும் என்றார் அவர். டூடன் ரௌமர் பக்கம் சாய்ந்தார். காரணம் அவரே சொன்னதுதான்: எழுத்து பண்டிதர்களுக்கு மட்டும் உள்ளதல்ல, மொத்த ஜனங்களுக்கும் உள்ளது.

நான்காம் நாள்: ரயில், ரயில், பேருந்து

எழுத அதிகமில்லை. ஸோஸ்டிலிருந்து காஸல், பெப்ரா, எர்ஃபுர்ட், அதன்பிறகு இன்னும் இரண்டு மாற்றம். டூடன் முதலில் ஹெட்மாஸ்டரான ஷ்லைட்ஸுக்கு இப்போது பயணிகள் ரயிலே கிடையாது, கடைசிப் பகுதிக்குப் பேருந்துதான். நேரத்தை நான்தான் தப்பாகப் படித்தேன். புரூஃப் ரீடர் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம். பேக்கரியில் பிளம்ஸ் கேக் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தோம். 1869இல் டூடன் குடும்பம் வந்தபோதும் ஷ்லைட்ஸுக்கு ரயில் இல்லை, பாதை போட்டதே 1887இல்தான் என்று தம்பி மகள் ஆறுதல் சொன்னாள். பிள்ளைகளோடு மூட்டை முடிச்சைத் தூக்கி வந்தவர்களை நினைத்தால் இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை.

அண்ணாச்சியின் செய்தி வந்திருக்கிறது. படிக்கவில்லை.

ஐந்தாம் நாள்: ஷ்லைட்ஸ்

நான் மனசார வந்து பார்க்க நினைத்த ஊர் இதுதான். பெரிய ஊர் இல்லை. காலையில் ஒரு சுற்று சுற்றினால் முடிந்துவிடுகிறது. மேட்டில் பெர்க்கிர்ஷ கோயில். அரண்மனை 1945 ஏப்ரல் குண்டுவீச்சில் போய்விட்டது, மிச்சச் சுவர்கள் நிற்கின்றன. ஐரோப்பாவில் பீங்கான் செய்யும் ரகசியத்தைக் கண்டவர்களில் ஒருவரான பாட்கர் பிறந்த ஊர். மோட்டார் பந்தயக்காரர்களுக்கு வேறு காரணம்: 1923 முதல் ஊர்ச் சாலையிலேயே பந்தயம் ஓட்டுகிறார்கள்.

டூடன் வந்தபோது இது ஒரு குட்டி சமஸ்தானம். ராய்ஸ் இளைய கிளை என்று பெயர். இந்த வம்சத்தில் ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே பெயர்: ஹைன்ரிஷ். எண் போட்டுத்தான் அடையாளம். டூடன் காலத்தில் ஆண்டவர் ஹைன்ரிஷ் 14. பெயரில் இத்தனை ஒற்றுமை கொண்ட சமஸ்தானத்துப் பள்ளியில் ஸ்பெல்லிங்கில் ஒற்றுமை இல்லை என்பதுதான் வேடிக்கை.

அப்போது நிலைமை இப்படி: ஒரே சொல்லை லத்தீன் வாத்தியார் ஒருவிதமாக எழுதுவார், கணக்கு வாத்தியார் வேறுவிதமாக எழுதுவார். போன வருஷம் சரி என்று டிக் வாங்கிய சொல்லுக்கு இந்த வருஷம் சிவப்புக் கோடு. பையன் என்ன செய்வான்? ஒரு பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள்கூட, ஓர் அச்சகத்தில் இரண்டு புரூஃப் ரீடர்கள்கூட எல்லா இடத்திலும் ஒத்துப்போனதில்லை. போய்க் கேட்க ஓர் அதிகாரமும் இல்லை என்று டூடன் பிற்பாடு எழுதியிருக்கிறார்.

தம்பி மகள் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது சந்தைத் திடலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் உரக்கச் சிரித்துவிட்டேன். அண்ணாச்சியும் நானும்தான் அந்த இரண்டு பேர். எங்கள் அச்சகத்தில் கம்பாசிட்டர் ஒருவர், மெஷின் ஓடும் முன் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வந்து, "இன்னிக்கு யாரு ரூல், அக்காதா, அண்ணாச்சிதா?" என்று கேட்பார். கேலி இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும்.

டூடன் செய்தது ஹெட்மாஸ்டர் செய்கிற காரியம். நாட்டைத் திருத்தக் கிளம்பவில்லை. தன் பள்ளிக்கு விதிகள் வகுத்து 1871இல் பள்ளி ஆண்டறிக்கையில் அச்சிட்டார். மறு வருஷம் அதையே விரித்துப் புத்தகமாக்கினார்: முன்னால் விளக்கம், நடுவில் விதி, பின்னால் சொற்பட்டியல். 1872இல் லைப்ஸிக்கில் டாய்ப்னர் பதிப்பகம் வெளியிட்டது. ஷ்லைட்ஸ் டூடன் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

வருஷத்தைக் கவனிக்க வேண்டும். 1871 ஜனவரியில்தான் இருபத்துச் சொச்சம் அரசுகள் சேர்ந்து ஜெர்மன் பேரரசு ஆயிற்று. நாணயம் ஒன்றாகிக்கொண்டிருந்தது. ஸ்பெல்லிங் மட்டும் ஊருக்கு ஊர். 1876 ஜனவரியில், பேரரசில் பெரிய அரசான பிரஷ்யாவின் கல்வி மந்திரி அடால்பெர்ட் ஃபால்க் பெர்லினில் ஒரு மாநாடு கூட்டினார். மொத்தம் 14 பேர். ரௌமர் எழுதிய வரைவு மேஜையில். ஷ்லைட்ஸ் ஹெட்மாஸ்டருக்கும் நாற்காலி.

அந்தக் கூட்டத்தில் துணிந்து ஒரு முடிவு எடுத்தார்கள். நெடிலைக் காட்டுவதற்காகச் சேர்க்கும் ஊமை ஹாவைப் பல இடங்களில் வெட்டிவிடுவது. மகன் என்ற ஸோன், வருஷம் என்ற யார், எல்லாமே ஹா இல்லாமல். டூடனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. 'எதிர்கால எழுத்துமுறை' என்றே தலைப்பு வைத்து அதே வருஷம் ஒரு புத்தகம் எழுதினார். பத்திரிகைகள் கிழித்தெடுத்தன. மகனின் வாலை வெட்ட இவர்கள் யார் என்கிற மாதிரி. ஃபால்க் கைவிட்டார். முடிவு காகிதத்தோடு போயிற்று.

நாற்பத்தேழு வயது. பிடித்த கொள்கை ஊர் சிரிக்கத் தோற்றது. அதே வருஷம் ஷ்லைட்ஸை விட்டு ஹெர்ஸ்ஃபெல்ட் பள்ளிக்கு மாறினார்.

பேருந்து ஏறும் முன் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சமஸ்தானம் போய் இப்போது ஷ்லைட்ஸ் இருப்பது ட்யூரிங்கன் மாநிலத்தில். அந்தப் பெயரை டே, ஹா போட்டுத்தான் இன்றும் எழுதுகிறார்கள். பெயர்ச்சொல்லில் கைவைக்க முடியவில்லை. பேருந்தின் பக்கவாட்டில் ஒலிக்காத அந்த ஹா பெரிதாக உட்கார்ந்துகொண்டு எங்களோடு வந்தது.

ஆறாம் நாள்: பாட் ஹெர்ஸ்ஃபெல்ட்

நேற்று ராத்திரி பெப்ரா வழியாக வந்து சேர்ந்தோம். காலையில் முதலில் இடிந்த மடாலயக் கோயில். 1761இல் ஏழாண்டுப் போரின்போது பிரெஞ்சுப் படை வைத்த நெருப்பில் எரிந்தது, அதோடு விட்டுவிட்டார்கள். கூரை இல்லாத அந்தச் சுவர்களுக்குள் 1951 முதல் வருஷா வருஷம் நாடக விழா. பக்கத்துக் கோபுரத்தில் 1038இல் வார்த்த லுல்லுஸ் மணி தொங்குகிறது. தேதி பொறித்த மணிகளில் ஜெர்மனியிலேயே மிகப் பழையது. வருஷத்தில் சில நாள்தான் அடிப்பார்களாம். இன்று அந்த நாள் இல்லை.

டூடன் இங்கே 1876இல் வந்து 1905 வரை 29 வருஷம் அசையவில்லை. நொய்மார்க்ட் தெருவில் அவர் குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். கல்லறைத் தோட்டத்துக்கும் போகவேண்டியிருந்ததால் உள்ளே போக நேரம் வாய்க்கவில்லை, எதிர்ச்சாரியில் நின்று பார்த்தோம். நாலைந்து ஜன்னல் பார்த்தாலே தெரிகிறது, இது ஒரு ஹெட்மாஸ்டர் வீடு. பகலில் பள்ளி, மற்ற நேரத்தில் சொற்பட்டியல்.

நடந்தது இது. பெர்லின் மாநாடு தோற்றபின் மாநிலங்கள் பொறுமை இழந்தன. 1879இல் பவேரியா தன் பள்ளிகளுக்கு ஒரு விதிப்புத்தகம் போட்டது. 1880இல் பிரஷ்யாவும் போட்டது. எழுதியவர் வில்ஹெல்ம் வில்மன்ஸ், மந்திரி புட்காமர். இரண்டும் பெரிய புரட்சி இல்லை. டூடன் ஆசைப்பட்டதில் பாதிகூட அதில் இல்லை. பாகம் என்ற டைல், மிருகம் என்ற டியர் போன்ற சொற்களில் ஹா போயிற்று. கதவு என்ற ட்யூர், பள்ளத்தாக்கு என்ற டால் இரண்டிலும் ஹா அப்படியே தங்கிவிட்டது. அரைகுறை.

நான் அவராக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டு என் கட்சியை விளக்கி இன்னொரு புத்தகம் எழுதியிருப்பேன். அண்ணாச்சி நிச்சயம் எழுதியிருப்பார். டூடன் என்ன செய்தார் தெரியுமா? தனக்குத் திருப்தியில்லாத அந்த அடுத்தவர் விதியையே எடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் பொருத்தி, அகரவரிசையில் அடுக்கினார். 1880 ஜூலை 7 அன்று லைப்ஸிக் பிப்ளியோகிராஃபிஷெஸ் இன்ஸ்டிட்யூட் வெளியீடாக வந்தது. 187 பக்கம். ஏறத்தாழ 27,000 சொற்கள். விலை அன்றைய ஜெர்மன் நாணயத்தில் 1 மார்க்.

புரூஃப் வேலை செய்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். மனசுக்குச் சரி என்று படுவதை ஒதுக்கிவைத்து, அச்சகத்தின் வழக்கம் எதுவோ அதன்படி திருத்த வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கை கூசும். அவர் 27,000 தடவை செய்திருக்கிறார். அவர் கணக்கு எளிது: அரைகுறை விதியானாலும் எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால், அடுத்த திருத்தத்தை அங்கிருந்து தொடங்கலாம். ஆளுக்கொரு நல்ல விதி இருந்தால் எங்கேயும் தொடங்க முடியாது.

அந்த அரைகுறை விதிக்கும் எதிர்ப்பு வந்தது, பேரரசின் சான்சலர் பிஸ்மார்க்கிடமிருந்து. புதிய ஸ்பெல்லிங்கில் எழுதும் அரசு ஊழியர்களுக்கு அபராதம் என்று அதே 1880இல் உத்தரவு போட்டார். அதனால் பையன் பள்ளியில் புதிய ஸ்பெல்லிங் எழுதினால் முழு மார்க். அதே பையன் வளர்ந்து குமாஸ்தாவாகி அதையே எழுதினால் தண்டனை. இருபது வருஷம் இப்படி ஓடியிருக்கிறது! ஆனால் ஒரு மார்க் புத்தகம் விற்றுக்கொண்டே இருந்தது. அச்சகங்களும் பள்ளிகளும் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை.

1901 ஜூனில் பெர்லினில் இரண்டாவது மாநாடு, மூன்றே நாள். டூடனுக்கு 72 வயது, போயிருந்தார். இந்த முறை கதவும் பள்ளத்தாக்கும் ஹாவை இழந்தன. 1902இல் ஜெர்மனி முழுவதற்கும் விதி ஆயிற்று, ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்துகொண்டன. சிம்மாசனம் என்ற ட்ரோனுக்கு மட்டும் ஹா தப்பியது. கிரேக்கத்திலிருந்து வந்த சொல் என்பது காரணம். சிம்மாசனத்தை அசைக்கக் கூடாது என்று பேரரசர் சொல்லிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை. கதைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கதை இங்கே முடியவில்லை, எங்கள் அச்சகத் தொழில் ஆட்கள் வந்துவிட்டார்கள். புதிய விதியில் பல சொற்களுக்கு இப்படியும் எழுதலாம், அப்படியும் எழுதலாம் என்று இருந்தது. மந்திரிகளுக்கு அது சமரசம். அச்சுக்கோப்பவருக்கு அது தலைவலி. ஒரே புத்தகத்தில் மூன்றாம் பக்கம் ஒருவிதம், முப்பதாம் பக்கம் வேறுவிதம் வந்து தொலைக்கும். மூன்று நாட்டு அச்சகச் சங்கங்களும் டூடனைப் பிடித்தன: எங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். 1903இல் அச்சகத்தாருக்கென்றே தனியாக ஒரு டூடன் போட்டுக் கொடுத்தார். எழுபத்துநான்கு வயதில், பள்ளியையும் நடத்திக்கொண்டு. அவர் இறந்தபின் 1915இல் இரண்டு புத்தகங்களையும் ஒன்றாக்கியபோதுதான் அட்டையில் டூடன் என்ற பெயரே தலைப்பானது. தன் பெயர் புத்தகத்துக்குப் பெயரானதை அவர் பார்க்கவில்லை.

1905இல் ஓய்வு பெற்று வீஸ்பாடன் பக்கம் ஸோனன்பெர்க்கில் போய் இருந்தார். 1911 ஆகஸ்ட் 1 அன்று அங்கே காலமானார். அடக்கம் செய்ய ஹெர்ஸ்ஃபெல்டுக்கே கொண்டுவந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் வேறு யாருமில்லை. தண்ணீர் ஊற்றும் பச்சைப் பூவாளிகள் ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கின. தம்பி மகள் ஒன்றை எடுத்துப் பக்கத்துச் செடிக்கு ஊற்றினாள். நான் கல்லில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தேன். பழக்கதோஷம், வேறென்ன. பிழை இல்லை.

படம் எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன். அவருடைய பழைய செய்தியையும் அப்போதுதான் திறந்தேன். நாள்கள் என்பதற்கு நன்னூலிலிருந்து ஆரம்பித்து ஒன்பது பத்தி. கடைசி வரி: "தலைப்பை மாற்றினால்தான் அடுத்த பதிவைப் படிப்பேன்."

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். நாள்கள் என்று போட எனக்கு இந்த ஜன்மத்தில் கை வராது. நாட்கள் என்று விட்டால் அவர் படிக்க மாட்டார். "ஆறு நாள்" என்று மாற்றிவிட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "இதை அப்போதே செய்திருக்கலாம். அது இருக்கட்டும், கல்லறைத் தோட்டம் படத்தில் பின்னால் பூவாளி வைத்திருக்கிற பெண் யார், தம்பி மகளா? இளைத்திருக்கிறாளே."